என் மகள் தலையில் அடித்த சத்தியம்

நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து எங்கள் ஊரில் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து பார்த்ததில்லை. அதற்கு முன்பும் நடந்ததாக யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு முறையும் ஏகக்ரீவம். ஒருவரைத் தவிர வேறு யாரும் மனு போடவில்லை, அதனால் அவரே சர்பஞ்ச், அதாவது பஞ்சாயத்துத் தலைவர், ஓட்டுப்பெட்டி வேண்டாம், வரிசை வேண்டாம் என்று அர்த்தம். தெலுங்குச் சொல்தான். ஆனால் ஆந்திராவில், குடிபாலா பக்கத்துத் தமிழர்களான நாங்கள் அதற்கு வேறு சொல் தேடியதில்லை. கல்யாணம் நிச்சயமான வீட்டில் பேசுகிற மாதிரி, "நம்ம ஊர்ல ஏகக்ரீவம் ஆயிடிச்சி" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை இருக்கும். அதைப் பார்க்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அது எப்படி ஆகிறது என்று வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்புவதில்லை. கங்கம்மா கோயில் முன்னால் ஊர் கூடும். ஊர் என்றால் ஆண்கள். பெரிய வீட்டுக்காரர்கள் சிலர் முன்பே பேசி ஒரு பெயரை முடிவு செய்திருப்பார்கள். பித்தளைத் தட்டில் சூடம் எரியும். வீட்டுக்கு ஒருவர் வந்து நிற்க வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து யாரும் மனு போட மாட்டோம், போடுகிறவருக்கு முன்மொழிந்து கையெழுத்தும் போட மாட்டோம், அதையும் மீறித் தேர்தல் வந்தால் ஊர் சொன்ன பெயருக்கே எங்கள் ஓட்டு என்று சொல்லிவிட்டு, உள்ளங்கையால் சூடத்தை அணைக்க வேண்டும். குழந்தை இருக்கிற வீடென்றால் அதைத் தூக்கிவரச் சொல்வார்கள். அதன் தலையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்.

ஆடு திருட்டுப் போனால், கிணற்றுத் தண்ணீர் முறையில் சண்டை வந்தால், யார் பொய் சொல்கிறார் என்று கண்டுபிடிக்க ஊரில் வைத்திருந்த வழக்கம் அது. சத்தியத்துக்குப் பேர்போன காணிப்பாக்கம் பிள்ளையார் இருக்கிற ஜில்லா இது. இங்கே யாரும் சத்தியத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பயத்தைக் கொண்டுவந்து ஓட்டுப்பெட்டிக்குப் பூட்டாகப் போட்டது யார் என்று எனக்குத் தெரியாது. எவனோ கெட்டிக்காரன்.

நான் கணிதத்தில் முதுகலை முடித்து பி.எட். படித்தவள். மகள் பிறக்கும்வரை சித்தூரில் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்த்தேன். ஊரில் இன்னும் டீச்சரம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களும் உண்டு, "எல்லாம் தெரிஞ்ச டீச்சரம்மா" என்று குத்துகிறவர்களும் உண்டு. கணவர் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் இருக்கிறார். சனி ஞாயிறு பக்தர் கூட்டம் என்பதால் அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. திங்கள் மாலை ரயிலேறி, பாகாலா வழியாக வந்து, புதன் விடிந்ததும் போய்விடுவார். அவர் அப்பா விட்டுப்போன வீடு இங்கே இருக்கும்போது திருப்பதியில் எதற்கு வாடகை என்று நானும் மகளும் இங்கேயே இருக்கிறோம்.

இந்த முறை தேர்தல் அறிவிப்பு வருவதற்கு முன்பே எனக்கு ஒரு கோபம் இருந்தது. ஊரில் அங்கன்வாடிக்குக் கட்டடம் கட்டினார்கள். சுவரில் முயலும் மயிலும் வரைந்து, கழிவறையும் வைத்து, நன்றாகத்தான் கட்டினார்கள். அதற்குள் ஒருநாளும் குழந்தைகள் போனதில்லை. உள்ளே மாங்காய் கிரேட்டுகள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. சர்பஞ்சின் கணவர் கூழ் ஃபேக்டரிக்கு மாங்காய் ஏற்றுகிறவர். சாவி அவரிடம். குழந்தைகள் கோயிலுக்குப் பக்கத்தில் தகரக்கூரை போட்ட கொட்டகையில் உட்கார்கிறார்கள். சித்திரை வெயிலில் என் மகள் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வருவாள்.

ஒருமுறை நேரில் போய்க் கேட்டேன். போவதா வேண்டாமா என்று பலமுறை யோசித்து, அவர் கோபித்துக்கொள்ளாத மாதிரி வார்த்தைகளைத் தேடி வைத்துக்கொண்டுதான் போனேன். சர்பஞ்ச் அம்மா வாசலில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும், "அவர கேளும்மா" என்று உள்ளே கையைக் காட்டினார். அவர் வெளியே வந்து, இந்த ஒரு சீசன் மட்டும் பொறுத்துக்கொள்ளச் சொன்னார். சிரித்த முகமாகச் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு நன்றி சொன்னேன் என்று வீடு வரும்வரை என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த சீசன் போய் அடுத்ததும் போனது. கிரேட்டுகள் அங்கேயே இருந்தன.

அடுத்த வீட்டு அக்கா தையல் வேலை செய்கிறவள். மகளிர் சங்கத்தில் பேசத் தெரிந்தவள். அவளுடைய மகனும் அந்தத் தகரக் கொட்டகைக்குத்தான் போகிறான். சர்பஞ்ச் பதவி இந்த முறையும் பெண்களுக்கு என்று தெரிந்ததும், நான் நிற்கப்போகிறேன் என்றாள். ஜாக்கெட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், கடைக்குப் போய்வருகிறேன் என்கிற மாதிரி சொன்னாள். அவளை முன்மொழிந்து கையெழுத்துப் போட இதே பஞ்சாயத்தில் ஓட்டுள்ள ஒருவர் வேண்டும். அவள் வீட்டில் யாரும் வரவில்லை. நான் போடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு வந்து அன்று முழுக்க வேறு எந்த வேலையும் ஓடவில்லை. கணவரிடம் போனில் சொன்னேன். அவர், "பாத்துக்கினு செய்" என்றார். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம். நான் சரி என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை நானும் அக்காவும் அவள் மனுவோடு வைக்க வேண்டிய சாதிச் சான்றிதழுக்காகச் சித்தூருக்குப் போனோம். மகளைக் கணவரிடம் விட்டுப் போனேன். சான்றிதழ் தருகிற மீசேவா மையத்தில் கூட்டம். திரும்பி வரும்போது சாயங்காலம் ஆகிவிட்டது. மகள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள். தூக்கினேன். முடியில் சூடத்தின் வாசனை. நெற்றி நிறையக் குங்குமம்.

கோயிலுக்குப் போனீங்களா என்று கேட்டேன்.

"போனோம். நைனா என் தலமேல கை வெச்சாரு. எல்லாரும் பாத்தாங்க. எனக்கு வாழப்பழம் குட்த்தாங்க."

அவளுக்கு நான்கு வயது. அத்தனை பேர் தன்னைப் பார்த்ததில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

கணவர் முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். வழக்கமாக மடிக்கிறவர் இல்லை. மகளை இறக்கிவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். நான் சத்தம் போடுவேன் என்று அவர் எதிர்பார்த்திருக்க வேண்டும். என்னால் சத்தம் போட முடியவில்லை.

"எல்லாரும் வெச்சாங்க," என்றார் அவராகவே. "நான் மட்டும் எப்டி கம்முனு நிக்கிறது? பேர் சொல்லிக் கூப்பிட்டுட்டாங்க."

"உங்க தலமேல கை வெச்சிக்கினு சத்தியம் பண்ணியிருக்கலாம் இல்ல?"

அவர் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "எந்தல எதுக்கு? புள்ள தலதான் கேட்டாங்க."

நான் கையெழுத்துப் போடப்போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அக்காவோடு சித்தூர் போயிருக்கிறேன் என்பதும் தெரிந்திருந்தது. என் கணவர் வீட்டில் இருக்கிற நாள் எது, யாரையும் எதிர்த்துப் பேசத் தெரியாத மனிதர் அவர், எனக்கு எதைத் தொட்டால் உயிர் போகும், எல்லாம் தெரிந்திருந்தது. என்னை ஒருவரும் மிரட்டவில்லை. கதவைத் தட்டவில்லை, கல் எறியவில்லை. என் மகளுக்கு ஒரு வாழைப்பழம் கொடுத்தார்கள். அவ்வளவுதான்.

புதன் விடிந்து போகும்போது அவர் வாசலில் நின்று, தெருவில் எல்லாரோடும்தான் இருந்தாக வேண்டும், நீங்கள் ரெண்டு பேரும் இங்கே தனியாக இருக்கிறீர்கள், அதற்காகத்தான் செய்தேன் என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. ஊரில் பாதிப்பேருடைய காரணமும் இதுதான். தன் வீட்டைக் காப்பாற்றத்தான் ஒவ்வொருவரும் போய் அந்தச் சூடத்தை அணைத்தார்கள். அப்படி அணைத்து அணைத்துத்தான் இந்த ஊரில் ஒரு கட்டடத்துக்குச் சாவி கேட்க ஆளில்லாமல் போனது.

எனக்குச் சூடத்தில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல ஆசை. முழுப் பொய்யாக இருக்கும். நிகழ்தகவு என்று ஒரு பாடம் இருக்கிறது, நான் அதை நன்றாக நடத்துவேன். நான்கு வயதுக் குழந்தைக்கு அடிக்கடி சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், முட்டி பெயரும். அது கணக்கு. ஆனால் நான் கையெழுத்துப் போட்ட பிறகு அவளுக்கு ஏதாவது வந்தால் ஊர் அதைக் கணக்கு என்று சொல்லாது. ஊரை விடுங்கள். நான் சொல்வேனா? அவள் தும்மினாலே நெற்றியில் கை வைத்துப் பார்க்கிறவள் நான். பயத்தை யாரும் எனக்குக் கற்றுத்தர வேண்டியதில்லை. அது முன்பே என்னிடம் நிறைய இருந்தது. அவர்கள் அதை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார்கள்.

கோயில் பூசாரியிடம் போய்ச் சத்தியத்தைக் கழிக்க வழியுண்டா என்று கேட்டேன். யார் கேட்டு வாங்கினார்களோ அவர்கள்தான் திருப்பித் தர வேண்டும் என்றார். அதாவது மாங்காய்க்காரர் மனசு வைக்க வேண்டும். அக்கா வேறு யோசனை சொன்னாள். காணிப்பாக்கத்துக்குப் போய்க் குழந்தையைக் குளத்தில் முழுக்காட்டி, பெரிய சாமியிடம் சொல்லிவிட்டால் சின்னச் சத்தியமெல்லாம் போய்விடும் என்றாள். அவள் அக்கறையோடுதான் சொன்னாள். நானும் கிளம்பத் தயாரானேன். மகளுக்குக் கவுன் போட்டுவிட்டு, தலையைச் சீவும்போது கை நின்றுவிட்டது. கழிக்கப் போனால், அது ஒட்டியிருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டதாகும். ஒட்டவில்லை. அவள் செய்யாத சத்தியத்தை எங்கே போய்க் கழிப்பது? பொட்டிட்டு விளையாட அனுப்பிவிட்டேன். சரியாகத்தான் செய்தேனா என்று அன்று சாயங்காலம்வரை யோசித்துக்கொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனு கொடுக்கிற கடைசி நாளில் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டேன். வீட்டில் விட்டுப் போக ஆளில்லை என்பது ஒரு காரணம். வாசலில் நின்றிருந்த ஆட்களில் ஒருவர், "புள்ளயயே தூக்கிக்கினு வந்துட்டியா டீச்சரம்மா, தகிரியம்தான்" என்றார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. அதிகாரி தெலுங்கில் என் பெயரைக் கேட்டு, வாக்காளர் பட்டியலில் தேடி, இங்கே போடுங்கள் என்றார். பேனா சரியாக எழுதவில்லை. இரண்டாம் முறை அழுத்திப் போட்டேன்.

இப்படியாக எங்கள் ஊருக்குத் தேர்தல் வந்தது. அக்காவுக்கு லேடீஸ் பர்ஸ் சின்னம் ஒதுக்கினார்கள். தையற்காரிக்குக் கத்தரிக்கோல் கிடைத்திருந்தால் சொல்லவே வேண்டாம், அது எங்கேயோ வேறு ஊருக்குப் போய்விட்டது. "இந்த ஊர்ல எவகிட்ட பர்சு கீது? எல்லாம் முந்தானிலதான் முடிஞ்சிக்கினு கீறாளுங்க" என்று அவளே சொல்லிச் சிரித்தாள். நானும் அவளோடு வீடு வீடாகப் போனேன். அங்கன்வாடியைப் பற்றிப் பேசினேன். ஓட்டை யாருக்குப் போடுகிறோம் என்று யாருக்கும் தெரியாது, சீட்டை மடித்துப் பெட்டியில் போட்டால் அத்தோடு சரி என்று, எட்டாம் வகுப்புக்குச் சொன்னது போலவே சொன்னேன். பெண்கள் கேட்டார்கள். தலையாட்டினார்கள். நான் எழுந்து கிளம்பும்போது ஒவ்வொருத்தியும் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"பொண்ணு நல்லா கீறாளா?"

முதலில் அன்பு என்றுதான் நினைத்தேன். நான்காவது ஐந்தாவது வீட்டில் புரிந்தது. அவர்கள் எல்லோருடைய வீட்டிலும் சத்தியம் இருக்கிறது. நான் ஒருத்திதான் மீறியிருக்கிறேன். என் மகளுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்யப் போகிறார்கள். ஓட்டு நாள்வரை அவள் ஓடி ஆடிக்கொண்டிருந்தால் அவர்களும் துணிவார்கள். அவள் படுத்துவிட்டால் ஊர் சொன்ன பெயர்தான், மறுபடியும் அதே சர்பஞ்ச் அம்மாதான். நான் தகரக் கொட்டகை, வெயில், பூட்டு என்று பேசிக்கொண்டிருக்கிறேன். ஊர் என் மகளின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. குழாயடியில் அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள். கொஞ்சுகிற மாதிரிதான் இருக்கும். எனக்கு அந்தக் கைகளைத் தட்டிவிடத் தோன்றும்.

ஓட்டு நாளுக்குச் சற்று முன்னால் அவளுக்குக் காய்ச்சல் வந்தது.

காலையில் எழுந்தவள் இட்லியைத் தொடவில்லை. மடியிலேயே சுருண்டுகொண்டாள். உடம்பு கொதித்தது. தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அதைப் பார்க்கப் பயந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது என் மனதில் ஓடியதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. வைரஸ் என்ற சொல் கடைசியாகத்தான் வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அக்கா வந்து பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள், உடனே எடுத்துவிட்டாள். வெளியே எட்டிப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சித்தூர் டாக்டர்கிட்டயே போயிடலாம். ஆனா தெருவால போவாத. பின்னால மாந்தோப்பு வழியா போனா பஸ் ரோட்டுக்கு ஏறிடலாம். எவ கண்ணுலயும் படாது."

"தோப்பு வழி எவ்ளோ தூரம்? இந்த வெயில்ல?"

"எந்தம்பிய வண்டி எட்த்துக்கினு வரச் சொல்றன். நாலஞ்சி நாள் உங்கம்மா வூட்லயே வெச்சிக்கோ. ஓட்டு முடியட்டும். இத்தினி நாளா ஏறி எறங்கனதெல்லாம் பாழாப்பூடும், டீச்சரம்மா."

அவள் கெட்டவள் இல்லை. இந்த ஊரில் முதன்முதலாகத் துணிந்தவள் அவள்தான். ஆனால் அந்த நிமிடம், மாங்காய்க்காரர்மேல் வந்ததைவிட அதிகமான கோபம் எனக்கு அவள்மேல் வந்தது. அவர்கள் என் மகளைத் தட்டு முன்னால் நிறுத்தினார்கள். இவள் என் மகளைத் தோப்புக்குள் ஒளிக்கச் சொல்கிறாள். ரெண்டு பேருக்கும் அவள் உடம்பு ஓட்டுக்கு வேண்டியிருக்கிறது. காய்ச்சலாகக் கிடக்கிற குழந்தை யார் கண்ணிலும் இல்லை.

நான் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, துண்டால் தலையை மூடி, முன்கதவைத் திறந்து தெருவில் இறங்கினேன். அக்கா பின்னால் கூப்பிட்டாள், திரும்பவில்லை. பால் ஊற்றுகிற இடத்தில் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது. தலைகுனிந்து போய்விடலாம் என்றுதான் கால் சொன்னது. எனக்குப் பொதுவாகத் தெருவில் குரலை உயர்த்திப் பழக்கமில்லை.

"காய்ச்சல்," என்றேன். "டாக்டர்கிட்ட போறேன். கையெழுத்து போட்டதுக்காக வந்ததுன்னு நெனைக்கிறவங்க நெனச்சிக்கோங்க. அப்டி நெனைச்சிங்கன்னா இன்னொன்னயும் நெனைங்க. நாலு வயசு புள்ளைக்கு நோவு குடுத்து ஓட்டு வாங்கற சாமியா நம்ம கங்கம்மா?"

ஒரு கிழவர், பஸ் வருகிற நேரம், ஓடு என்றார். ஓடினேன்.

சித்தூரில் குழந்தைகள் டாக்டரின் அறைக்கு வெளியே உட்கார இடமில்லை. மடியில் மடியில் சிவந்த முகக் குழந்தைகள். ஒரு பெஞ்சின் ஓரத்தில் நகர்ந்து இடம் கொடுத்தவரைப் பார்த்தேன். எங்கள் சர்பஞ்ச் அம்மா. மடியில் பேரன், அவனுக்கும் நெற்றியில் ஈரத்துணி.

"உம் பொண்ணுக்கும் சொரமா?" என்று கேட்டார்.

ஆமாம் என்றேன். அவர் பேரனுக்கு முந்தின நாளிலிருந்து இருக்கிறதாம். மாத்திரை கொடுத்தால் இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன்: உங்கள் வீட்டில் இந்தப் பிள்ளை தலையில் யாரும் அடித்துச் சத்தியம் பண்ணவில்லையா?

"எங்க வூட்ல எதுக்கு பண்ணணும்? எங்க வூட்டுக்காவத்தான மத்தவங்கள்லாம் பண்ணாங்க." குத்தலாகச் சொல்லவில்லை. பூண்டு உரித்த அதே முகத்தோடு சொன்னார். பிறகு பேரனின் துணியைத் திருப்பிப் போட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்:

"இத்தினி வருசமா சர்பஞ்சுன்றாங்க. எனக்கு ஒருத்தரும் ஓட்டு போட்டதில்லம்மா. என் சின்னத்துல முத்திர குத்தன ஒரு சீட்டகூட நான் பாத்ததில்ல. இந்த வாட்டியாவது யாரோ நாலு பேர் போடுவாங்க இல்ல?"

எனக்கு இரக்கமாக இருந்தது. கோபம் போகவில்லை. போகாதபடி நான்தான் பிடித்துவைத்தேன்.

"அங்கன்வாடி சாவி?" என்றேன்.

"அது அவருகிட்ட கீது," என்றார்.

டாக்டர் மகளின் தொண்டையைப் பார்த்துவிட்டு, ஊரெல்லாம் இதுதான், பயப்படாதீர்கள் என்று மருந்து எழுதித் தந்தார். மறுநாள் காய்ச்சல் இறங்கியது. அதற்கு மறுநாள் அவள் இட்லிக்குச் சர்க்கரை கேட்டு அடம் பிடித்தாள். சர்பஞ்ச் வீட்டுப் பேரனுக்கும் அதே காய்ச்சல் என்ற செய்தியை நான் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா எப்படியோ தெரிந்துகொண்டு, இதைச் சொன்னாலே ஜெயித்துவிடலாம் என்றாள். வேண்டாம் என்றேன். அந்தப் பையனும் ஒரு குழந்தைதான். ஒரு ஓட்டுகூடக் குழந்தைகளின் காய்ச்சலால் வரக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. நான் பிடிவாதத்தால் அவளுடைய வெற்றியைக் கெடுத்துவிட்டேனோ என்று இன்றைக்கும் சிலசமயம் தோன்றுகிறது. தோன்றினாலும் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

ஓட்டு நாளில் கணவர் லாட்ஜில் விடுப்புக் கேட்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசை வாசல் தாண்டி நின்றது. ஊரில் முதல்முறையாகப் பஞ்சாயத்துச் சீட்டைக் கையில் வாங்கியவர்கள் நிறையப் பேர். எப்படி மடிப்பது என்று உள்ளே ஒருத்தி சத்தமாகக் கேட்டாள், எல்லாரும் சிரித்தோம். மத்தியானத்துக்கு மேல் எண்ணினார்கள். அக்கா தோற்றுப்போனாள். கொஞ்சத்தில் இல்லை, நன்றாகவே தோற்றாள். ஆனால் அவள் பர்ஸுக்கு விழுந்த சீட்டுகளின் கட்டு மேஜைமேல் இருந்தது. அந்தச் சீட்டுகளைப் போட்டவர்கள் ஒவ்வொருவரும் தன் வீட்டுச் சத்தியத்தைத் தாண்டி வந்தவர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

அங்கன்வாடி இன்னும் பூட்டித்தான் இருக்கிறது. சித்தூர் கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை மனு வாங்குகிறார்கள். நானும் அக்காவும் போய்க் கொடுத்துவிட்டு வந்தோம், திரும்பவும் போவோம். ஊரில் சிலர், தேர்தல் வைத்து ஊரை ரெண்டாக்கிவிட்டாள் டீச்சரம்மா என்கிறார்கள். ஊர் ஒன்றாக இருந்ததாக நினைப்பவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். குழந்தைகளைப் பணயம் வைத்துக் கட்டிய ஒற்றுமைக்கு நான் அழ முடியாது.

எண்ணி முடித்த அன்று சாயங்காலம் கணவரை பஸ் ஏற்றிவிடப் போனேன். மகள் அவர் தோளில் உட்கார்ந்திருந்தாள். காலையில் வரிசையில் அவர் நீண்டநேரம் நின்றதையும், உள்ளே போனவர் தாமதமாக வெளியே வந்ததையும் நான் பார்த்திருந்தேன். பஸ் தூரத்தில் தெரிந்தபோது, "யாருக்கு போட்டன்னு கேக்கமாட்டியா?" என்றார்.

"கேக்க மாட்டேன். அது உங்க ஓட்டு."

அவர் முகம் லேசானது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்திருப்பார். எனக்கு முடியவில்லை. மகளை அவர் தோளிலிருந்து இறக்கி வாங்கிக்கொண்டேன்.

"இவ தல உங்களுது இல்ல," என்றேன். "என்னுதும் இல்ல. யார் பேர் சொல்லிக் கூப்பிட்டாலும், எத்தினி பேர் பாத்துக்கினு நின்னாலும், இனிமே அத்த எங்கயும் வெக்கக்கூடாது. வெச்சா நான் இந்த வீட்ல இருக்கமாட்டேன்."

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் ஊதினார். அவர் படியில் கால் வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். இந்த முறை அதை இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள இடமில்லாமல், "இனிமே வெக்கமாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்ல வைத்தேன்.